டெல்டாவில் இரண்டு ஊருக்கு நடுவே பழைய எல்லைக்கல் தேடுவது எப்படி

காவிரி டெல்டாவில் கல் விளையாது. தஞ்சாவூருக்குத் தெற்கே வல்லம் பக்கம் செம்புறாங்கல் உண்டு. அதை விட்டுவிட்டால் கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை, நாகப்பட்டினம் என்று எங்கே தோண்டினாலும் வண்டலும் களியும் மணலும்தான். பெரிய கோயிலுக்கே கருங்கல் வெளியிலிருந்துதான் வந்தது. அதனால் நடு வயலில், வரப்போரமாக முழங்கால் உயரத்துக்கு ஒரு கருங்கல் நின்றால் நின்று பாருங்கள். யாரோ ஒருவர் எங்கிருந்தோ வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து, ஒரு காரணத்துக்காக அந்த இடத்தில் நட்டிருக்கிறார்.

அந்தக் காரணம் பல சமயம் எல்லை. இந்த ஊர் இதோடு முடிகிறது, அடுத்த ஊர் இங்கே தொடங்குகிறது என்று சொல்வதற்காக நட்ட கல். சொந்த ஊரின் பழைய எல்லைக்கல்லைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று முதல் தடவையாக இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சில வருஷமாக விடுமுறை நாட்களில் இதே வேலையாக வரப்பில் நடந்ததில் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. கல்லைக் கடைசியில்தான் தேட வேண்டும். முதலில் எல்லை வார்த்தையில் இருக்கும், அப்புறம் படத்தில், அப்புறம் வாய்க்காலில், பிறகு பெரியவர்கள் நினைவில். இவ்வளவையும் பார்த்துவிட்டு வயலில் இறங்கினால் கல் தானாகவே கண்ணில் படும். நேராக வயலுக்குப் போனால் வெயிலில் சுற்றிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

முதலில் எந்த ஊர், எந்த எல்லை என்று முடிவு செய்யுங்கள்

நாம் பேச்சில் ஊர் என்று சொல்வதும் அரசாங்கக் கணக்கில் இருக்கும் ஊரும் ஒன்றல்ல. ஊராட்சி எல்லை வேறு, வருவாய் கிராம எல்லை வேறு. பழைய கல்லுக்குப் பொருந்தி வருவது வருவாய் கிராமத்தின் எல்லைதான். ஒரு வருவாய் கிராமத்துக்குள் நான்கைந்து குடியிருப்புகள் தனித்தனிப் பெயரோடு இருக்கலாம். உங்கள் வீட்டுப் பட்டாவை எடுத்துப் பார்த்தால் மாவட்டம், வட்டம், வருவாய் கிராமம் மூன்றும் எழுதியிருக்கும். அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

வட்டத்தின் பெயரை விட்டுவிடாதீர்கள். டெல்டாவில் ஒரே பெயரில் பல ஊர்கள் இருக்கின்றன. முதல் தடவை நான் ஊர்ப் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்துக் கிராம வரைபடம் வாங்கினேன். இரண்டு வாரம் அதை விரித்து வைத்துக்கொண்டு எங்கள் ஊர்க் குளத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை. அது வேறு தாலுகாவில் அதே பெயருள்ள ஊர். இன்னொரு விஷயம், பழைய தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து 1991இல் நாகப்பட்டினமும் 1997இல் திருவாரூரும் பிரிந்தன. நாகப்பட்டினத்திலிருந்து 2020இல் மயிலாடுதுறை பிரிந்தது. பழைய ஆவணங்களில் உங்கள் ஊர் வேறு மாவட்டத்தின் கீழ், சில சமயம் வேறு தாலுகாவின் கீழ் இருக்கும். மயிலாடுதுறை மாயவரம் என்றும், தஞ்சாவூர் ஆங்கில எழுத்தில் 'டாஞ்சூர்' என்றும் இருக்கும். எந்தக் காலத்து ஆவணத்தைத் தேடுகிறோமோ அந்தக் காலத்துப் பெயரில் தேட வேண்டும்.

காரைக்கால் எல்லையோர ஊர்க்காரர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1954 வரை அது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நிலம், இன்று புதுச்சேரியைச் சேர்ந்தது. வடக்கே நண்டலாற்றுப் பக்கமும் தெற்கே வாஞ்சூர்ப் பக்கமும் ஊர் எல்லையே மாநில எல்லையாகவும் இருக்கிறது. இரண்டு அரசின் ஆவணங்களையும் பார்க்காமல் அங்கே வேலை முடியாது.

காகிதத்தில் எல்லையைப் பிடிப்பது

வாங்க வேண்டியவை மூன்று. கிராம வரைபடம், ஒரு சர்வே எண்ணுக்கு மட்டும் அளவோடு வரைந்த புலப்படம், ஊரின் சர்வே எண்களை எல்லாம் பட்டியல் போட்ட அ-பதிவேடு. புலப்படத்தை எஃப்.எம்.பி. என்று சொன்னால்தான் ஆபீஸில் சட்டென்று புரியும். புலப்படமும் அ-பதிவேட்டின் பிரதியும் அரசின் இணைய சேவையிலேயே சர்வே எண் கொடுத்தால் பெரும்பாலும் கிடைத்துவிடும். கிராம வரைபடத்துக்கு நில அளவைத் துறையில் விண்ணப்பிக்க வேண்டும். பழைய படங்களுக்குச் சென்னை சேப்பாக்கத்தில் உள்ள அந்தத் துறையின் தலைமை அலுவலகத்தில் கேட்கலாம். இன்னும் பழைய கடிதப் போக்குவரத்து, எல்லைத் தகராறு ஆணைகள் எல்லாம் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கும். முதல் முயற்சிக்கு அங்கே போக வேண்டியதில்லை.

கிராம வரைபடத்தை விரித்ததும் உள்ளே இருக்கும் எண்களைப் பார்க்காதீர்கள். வெளி ஓரத்தைப் பாருங்கள். எல்லைக் கோட்டுக்கு வெளிப்புறமாக, அந்தந்தப் பக்கத்தில் அண்டை ஊரின் பெயர் எழுதியிருக்கும். கோட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டே போங்கள். ஒரு பெயர் முடிந்து இன்னொரு பெயர் தொடங்கும் இடத்தில் மூன்று ஊர்கள் சந்திக்கின்றன. அங்கே நட்ட கல்லுக்கு முச்சந்திக் கல் என்று பெயர், சர்வேயர்கள் ட்ரைஜங்ஷன் என்பார்கள். புதியவர்கள் தொடங்க வேண்டிய இடம் இதுதான். ஏனென்றால் அந்த ஒரே புள்ளியைப் பற்றி மூன்று கிராமத்து ஆவணங்களும் தனித்தனியாகப் பேசுகின்றன. ஒன்றில் தவறு இருந்தாலும் மற்ற இரண்டும் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு ஊருக்கு நடுவிலுள்ள நீண்ட கோட்டில் இந்த வசதி கிடையாது.

அந்த மூலையைத் தொடும் சர்வே எண்களைக் குறித்துக்கொண்டு, மூன்று ஊரிலிருந்தும் அந்த எண்களின் புலப்படங்களை எடுங்கள். புலப்படத்தில் கல்லுக்குக் கல் எவ்வளவு தூரம் என்று அளவு போட்டிருக்கும். பழைய படமாக இருந்தால் அளவு லிங்க்ஸில் இருக்கும். 100 லிங்க்ஸ் ஒரு சங்கிலி, அதாவது 66 அடி. ஒரு லிங்க் 20 சென்டிமீட்டருக்குச் சற்றே கூடுதல். 250 என்று போட்டிருந்தால் 50 மீட்டர், 30 சென்டிமீட்டர். மீட்டர் என்று நினைத்து 250 மீட்டர் நடந்துபோய் அடுத்த ஊரின் நடவு வயலில் நின்றவர்கள் இருக்கிறார்கள்.

1980களில் யு.டி.ஆர். என்ற நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்தபோது பல இடங்களில் உட்பிரிவும் எண்ணும் மாறின. அதனால் தாத்தா காலத்துப் பத்திரத்திலுள்ள எண்ணை இன்றைய படத்தில் நேராகத் தேடாதீர்கள். அ-பதிவேட்டில் பழைய எண்ணுக்கென்று ஒரு பத்தி இருக்கும். அதை வைத்துப் பழையதையும் புதியதையும் இணைத்துக்கொள்ளுங்கள்.

"வாய்க்காலுக்கு மேற்கு" என்றால் என்ன

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இந்த இடத்தில்தான். கிரயப் பத்திரத்திலோ கல்வெட்டிலோ நான்கெல்லை சொல்லும்போது "வாய்க்காலுக்கு மேற்கு" என்று எழுதியிருந்தால், வாய்க்கால் மேற்கே இருக்கிறது என்று அர்த்தமில்லை. நிலம் வாய்க்காலுக்கு மேற்கே இருக்கிறது. அப்படியானால் வாய்க்கால் நிலத்தின் கிழக்கு எல்லை. கல்வெட்டு இதை இன்னும் தெளிவாகவே சொல்லும். "கீழ்பாற்கெல்லை இன்ன வாய்க்காலுக்கு மேற்கும், தென்பாற்கெல்லை இன்ன ஊர் எல்லைக்கு வடக்கும், மேல்பாற்கெல்லை இன்னதற்குக் கிழக்கும், வடபாற்கெல்லை இன்னதற்குத் தெற்கும்" என்று கிழக்கில் தொடங்கி வலமாகச் சுற்றி வரும். ஒரு தாளில் சதுரம் போட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் அந்தந்தப் பெயரை எழுதிப் பாருங்கள். ஒரு தடவை எழுதினால் பிறகு குழப்பம் வராது.

சோழர் காலத்தில் ஓர் ஊரைக் கோயிலுக்கோ சமண, பௌத்தப் பள்ளிக்கோ கொடுக்கும்போது எல்லை குறித்த முறை அழகானது. பெண் யானையை எல்லை நெடுக நடக்கவிட்டு, அதன் பின்னாலேயே அதிகாரிகளும் பக்கத்து ஊர்க்காரர்களும் நடந்து, வழியில் கல்லும் கள்ளியும் நட்டார்கள். செப்பேடுகளில் "பிடி சூழ்ந்து", "கல்லும் கள்ளியும் நாட்டி" என்று வருவது இதைத்தான். நாகப்பட்டினத்தில் இருந்த சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலத்தை முதலாம் ராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் கொடுத்தான். அந்தச் செப்பேடுகள் லைடன் செப்பேடுகள் என்று பெயர் பெற்றவை. அதில் 97 வேலிக்குச் சற்று மேற்பட்ட அந்த நிலத்தின் எல்லை, அண்டை ஊர் ஒவ்வொன்றையும் வாய்க்கால் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி, நடந்து போகிறவர் கூடவே நாமும் நடப்பதுபோல எழுதப்பட்டிருக்கிறது. ஆனைமங்கலம் இன்றும் கீழ்வேளூர்ப் பக்கத்தில் அதே பெயரில் இருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன் எழுதிய எல்லைக் குறிப்பின் பெயர் இன்றும் வழிப்பலகையில் இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு மயிர்க்கூச்செறியும். கள்ளி எப்போதோ போய்விட்டது. கல் சில இடங்களில் நிற்கிறது.

உங்கள் ஊர்க் கோயிலில் கல்வெட்டு இருந்தால் அது படித்து அச்சாகியிருக்க வாய்ப்பு அதிகம். மத்தியத் தொல்லியல் துறையின் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளையும், தமிழ்நாடு தொல்லியல் துறையின் கல்வெட்டு வெளியீடுகளையும் பெரிய நூலகங்களில் பார்க்கலாம், பல தொகுதிகள் இணையத்திலும் உள்ளன. எல்லை என்ற சொல்லும், கோயிலுக்கோ பள்ளிக்கோ கொடுத்த நிலத்தையும் வரி நீக்கிய நிலத்தையும் குறிக்கும் தேவதானம், திருநாமத்துக்காணி, பள்ளிச்சந்தம், இறையிலி என்ற சொற்களும் வரும் இடங்களை மட்டும் முதலில் பாருங்கள். வேலி, மா, குழி என்ற அளவுகள் டெல்டாக்காரர்களுக்குப் புதிதல்ல. இன்றைய வழக்கில் 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி, ஒரு மா ஏறத்தாழ ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் கல்வெட்டில் வரும் குழியை இந்தக் கணக்கில் மாற்றிவிடாதீர்கள். எந்தக் கோலால் அளந்தார்கள் என்பதைப் பொறுத்துக் குழி மாறும்.

தண்ணீர் போகும் வழி

டெல்டா சமதரை. உயரம் வைத்து அடையாளம் சொல்ல மலையோ பாறையோ கிடையாது. 1808இல் வெள்ளைக்கார நில அளவையாளர் லாம்டன் இந்தப் பகுதியை அளக்க வந்தபோது கோபுரங்களின் மேல் கருவியை ஏற்றித்தான் பார்க்க வேண்டியிருந்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது தியோடலைட் என்ற அந்தப் பெரிய கோணம் அளக்கும் கருவி அடிபட்டுக் கெட்டுப்போனது. அவ்வளவு தட்டையான நிலத்தில் எல்லைக்கு இயற்கையாகக் கிடைத்தது வாய்க்கால்தான். ஆகவே படத்தில் எல்லைக் கோடு எங்கே வாய்க்காலை ஒட்டிப் போகிறது, எங்கே அதை விட்டு விலகுகிறது என்று பாருங்கள். வாய்க்காலை ஒட்டிய இடத்தில் வாய்க்காலே எல்லை, கல் தேவைப்பட்டிருக்காது. கோடு வாய்க்காலை விட்டு வயலுக்குள் திரும்பும் முனையில்தான் கல் நட்டிருப்பார்கள். தேடலை அந்த முனைகளில் வைத்துக்கொண்டால் பாதி நடை மிச்சம்.

படத்தைக் கைப்பேசியில் செயற்கைக்கோள் படத்தோடு பொருத்தும்போது வீடு, ரோடு இவற்றை நம்பாதீர்கள். கோயில் குளத்தின் நான்கு மூலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். குளம் நகராது. கைப்பேசி காட்டும் இடம் சில மீட்டர் தள்ளித்தான் காட்டும். எந்த வரப்பு என்று தெரிந்துகொள்ள அது போதும், கல்லைத் தொட அது போதாது. அங்கிருந்து டேப்பை எடுக்க வேண்டும்.

கேட்பது

எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள். கையில் வரைபடம், தோளில் பை, வாயில் எல்லை என்ற வார்த்தை. இப்படி ஒருவர் வந்தால் நிலத்தை அளக்க வந்திருக்கிறார், வில்லங்கம் வரப்போகிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். யார் வீட்டுப் பிள்ளை, எந்த ஊர், எதற்காகப் பார்க்கிறீர்கள் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். இரண்டு ஊர் வி.ஏ.ஓ.விடமும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லுங்கள். வயல்காரர் அனுமதி இல்லாமல் வரப்பில் ஏறாதீர்கள்.

அப்புறம் கேட்க வேண்டியது வயல்களின் பெயரை. டெல்டாவில் ஒவ்வொரு வயலுக்கும் பெயர் உண்டு. சர்வே எண் தெரியாதவர்களுக்கும் பெயர் தெரியும். கல்லடி, சூலக்கல் மேடு, எல்லைத்திடல் என்று ஏதாவது வந்தால் நோட்டில் கோடு போட்டு எழுதுங்கள். வயல் பெயர்களை ஆண்களைவிட நடவுக்கும் களையெடுப்புக்கும் போன பெண்கள் நன்றாகச் சொல்வார்கள். நாளெல்லாம் குனிந்து நின்றது அந்த வயல்களில்தானே. தலையாரியாக இருந்து ஓய்வு பெற்றவர் யாராவது இருந்தால் அவரைக் கட்டாயம் பாருங்கள். வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிடும் லஸ்கருக்கு எந்த மதகு எந்த ஊருக்குப் பாய்கிறது என்று அத்துபடி.

நான் கேட்டு நல்ல பதில் கிடைத்த கேள்விகள் இவை: திருவிழாவில் சாமி புறப்பாடு எதுவரைக்கும் வரும், எங்கே திரும்பும்? எல்லை கட்டும்போது எங்கெல்லாம் நிற்பார்கள்? உங்கள் ஊர்த் தண்ணீர் முறை எந்த மதகோடு முடிகிறது? அய்யனார் எந்தத் திசையைப் பார்த்து இருக்கிறார்?

குடமுருட்டி ஆற்றுக்குத் தெற்கே ஒரு ஊரில் எண்பதைத் தாண்டிய ஒரு பெரியவரிடம் இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். திண்ணையில் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்.

"சாமி எதுவரைக்கும் வரும் தாத்தா?"

"களத்து வரைக்கும்தான் தம்பி. அதுக்கு அந்தாண்ட அவங்க ஊரு. அங்க ஒரு கல்லு நிக்கும். கல்லுக்கு இப்பால தேங்கா ஒடச்சிட்டுத் திரும்பிடுவோம்."

"அந்தக் கல்லு இப்பவும் இருக்கா?"

"நாங்க சின்னப் புள்ளையில மாடு மேய்க்கிறப்ப அதுலதான் ஒக்காருவோம். இப்ப வரப்புக்குள்ள போயிருக்கும். போயிப் பாருங்க, எம் பேரன வேணா கூட்டிட்டுப் போங்க."

படத்தில் நான் குறித்து வைத்திருந்த முச்சந்தியும் அவர் சொன்ன இடமும் ஒரே வயலின் இரண்டு ஓரங்களில் இருந்தன.

எப்போது போவது, என்ன கொண்டுபோவது

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடும். தண்ணீர் ஓடும் காலத்தில் வாய்க்கால் ஓரக் கற்கள் மூழ்கியிருக்கும், வரப்பு வழுக்கும், பயிரும் மிதிபடும். சம்பா, தாளடி அறுத்த பிறகு நெல் தரிசில் உளுந்தும் பயறும் நிற்கும். பார்ப்பதற்குச் சும்மா கிடக்கும் வயல் மாதிரி தெரிந்தாலும் அது பயிர், கால் வைக்கக் கூடாது. அதுவும் பறித்த பிறகு, சித்திரை வைகாசியில், மண் வெடித்துக் கிடக்கும் நாட்களே சரியான நாட்கள். தண்ணீர் வருவதற்கு முன்னால் வாய்க்கால் தூர்வார ஆரம்பித்துவிடுவார்கள். அதற்கும் முன்னால் போய்விட வேண்டும்.

30 மீட்டர் டேப், திசைகாட்டி, நோட்டு, நல்ல டார்ச், மென்மையான பெயிண்ட் பிரஷ், குடிக்கத் தண்ணீர். காலில் ஷூ. கையில் ஒரு தடி, வரப்பைத் தட்டிக்கொண்டே போவதற்கு. வெடிப்பில் விரியன் இருக்கும். மண்வெட்டி, கடப்பாரை வேண்டாம். தோண்டும் வேலை நம்முடையது அல்ல.

தனியாகப் போகாதீர்கள். முடிந்தால் இரண்டு ஊரிலிருந்தும் ஆளுக்கு ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

விடியற்காலையில் போங்கள். இதை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. நண்பகல் வெயிலில் கல்லின் முகம் வெறும் முகம்தான். சூரியன் சாய்ந்திருக்கும்போது அரை விரல் ஆழக் கோடுகூட நிழல் கட்டி நிற்கும். வெயில் படாத பக்கத்துக்கு டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் அதே வேலையைச் செய்யும்.

அங்கே போனதும் வரப்பைப் பாருங்கள். ஊர் எல்லையாக இருந்த வரப்பு மற்ற வரப்பைவிட அகலமாக இருக்கும், வரிசையாகப் பனை நிற்கலாம். புலப்படத்தில் எந்த மூலை தெளிவாக இருக்கிறதோ, மதகோ, குளத்து மூலையோ, அங்கிருந்து டேப்பைப் போட்டு அளந்து வாருங்கள். அளவு முடியும் இடத்தைச் சுற்றி நான்கைந்து மீட்டர் வட்டத்தில் தேடினால் போதும். கல் வரப்புக்குள் புதைந்து, தலை மட்டும் உள்ளங்கை அளவுக்குத் தெரியலாம்.

பெரியவர் சொன்ன கல் அப்படித்தான் இருந்தது. நாங்கள் போன அன்று காலை ஆறரை மணி. வரப்புச் சரிவில், கோரைக்கு நடுவே, ஒரு முழ உயரம் வெளியே. ஒரு பக்கம் மாடு உரசி உரசி எண்ணெய் தடவியதுபோல வழுவழுப்பு. மறுபக்கம் சொரசொரப்பு. பேரன் கோரையை ஒதுக்கிப் பிடித்தான். காய்ந்த சேற்றைப் பிரஷால் மெதுவாகத் தட்டினேன். நடு முனை நீண்டு, பக்கத்து முனைகள் இரண்டும் வெளியே வளைந்து உள்ளே திரும்பி, கீழே குட்டையான தண்டோடு ஒரு சூலம். தண்டின் அடிப்பாகம் மண்ணுக்குள் போய்விட்டது. சூலத்தின் நடுவில் குங்குமம் காய்ந்து கறுத்திருந்தது. கல்லுக்கு இந்தப் பக்கம் தேங்காய் ஓடுகள் கிடந்தன. அந்தப் பக்கம் ஒன்றுகூட இல்லை.

என்ன கல் என்று பிரித்துப் பார்ப்பது

சூலம் இருந்தால் அது சூலக்கல். பெரும்பாலும் சிவன் கோயில் நிலத்தின் எல்லை. சக்கரம் இருந்தால் திருவாழிக்கல், பெருமாள் கோயில் நிலத்துக்கு உரியது. முக்குடை இருந்தால் சமணப் பள்ளிக்குக் கொடுத்த பள்ளிச்சந்தம். இவை கோயில் நிலத்தின் எல்லைகள். அந்த நிலம் ஊர் முழுவதுமாக இருந்தால்தான் கோயில் எல்லை ஊர் எல்லையாகவும் இருக்கும். ஊருக்குள் ஒரு துண்டு நிலமாக இருந்தால் சூலக்கல் நடு ஊரிலும் நிற்கும். சூலத்தைப் பார்த்ததும் ஊர் எல்லை என்று முடிவு கட்டாமல் படத்தோடு ஒத்துப் பாருங்கள்.

உருவம் எதுவும் இல்லாமல், நான்கு பக்கமும் ஓரளவு செதுக்கி, தலையில் மட்டும் குறி வெட்டியிருந்தால் அது சர்வே கல். வெள்ளைக்காரர் காலத்து நில அளவையிலிருந்து இன்று வரை நட்டு வருவது. மதராஸில் தனி நில அளவைத் துறை 1858இல் தொடங்கியது. ஆகவே இந்தக் கல்லுக்கும் நூறு, நூற்றைம்பது வயது இருக்கலாம். சூலக்கல் இல்லையே என்று இதை ஒதுக்கிவிட்டுப் போகாதீர்கள். பழைய எல்லையை அடுத்த காலத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது இந்தக் கல்தான். நிற்கும் இடம் மூன்று ஊரின் புலப்படத்தோடும் பொருந்தினால் உங்கள் முச்சந்திக் கல் அதுவே.

ஏமாற்றக்கூடியவையும் உண்டு. எண்ணும் எழுத்தும் வெட்டி வாய்க்கால் கரை நெடுக ஒரே இடைவெளியில் வந்தால் பொதுப்பணித்துறைக் கல். தண்டவாளத்துக்கு இணையாக வரிசையில் நின்றால் ரயில்வே கல். ரோட்டோரம் தோள் உயரத்தில் இரண்டு கால்களின் மேல் ஒரு பலகைக் கல் கிடந்தால் சுமைதாங்கி. அதுவும் மதிக்க வேண்டிய கல்தான், பிரசவத்தில் இறந்த பெண்ணின் நினைவாக வைப்பது வழக்கம். எல்லைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கல் இடம் மாறியிருக்குமா என்ற சந்தேகம் எப்போதும் இருக்க வேண்டும். கல் கிடைக்காத நாட்டில் நல்ல கல் சும்மா நிற்காது. படித்துறையில் துணி துவைக்கும் கல்லாக, மதகுக்கு மூடுகல்லாக, பம்புசெட்டு வாசல்படியாக அது போய்ச் சேர்ந்திருக்கும். ஒரு மோட்டார் கொட்டகை வாசலில் சக்கரம் மேலே பார்த்தபடி ஒரு கல்லைப் பார்த்திருக்கிறேன். அதன் மேல் கால் வைத்துத்தான் உள்ளே போகிறார்கள். கொட்டகைக்காரருக்கு அது என்னவென்றே தெரியாது. சொன்னதும் அடுத்த வாரமே பக்கத்தில் நகர்த்தி நிமிர்த்தி வைத்துவிட்டார். ஆனால் அது எங்கே நின்றது என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது. அந்தக் கல்லில் சக்கரம் இருக்கிறது, எல்லை இல்லை. நின்ற இடத்தில் நிற்கும் வரைதான் எல்லைக்கல் பேசும்.

பதிவு செய்வது

கிடைத்த கல்லை அசைக்காதீர்கள், நிமிர்த்தாதீர்கள், சுற்றி மண் வெட்டாதீர்கள். சுண்ணாம்பு, சாக்பீஸ், பெயிண்ட் எதுவும் தடவாதீர்கள். கம்பி பிரஷ் கூடவே கூடாது. தொடக்கத்தில் ஒரு தடவை பாசியை எடுக்கிறேன் என்று கம்பி பிரஷால் தேய்த்தேன். பாசியோடு எழுத்தின் ஓரமும் போனது. அந்தக் கோடுகள் இன்றும் அந்தக் கல்லில் இருக்கின்றன, பார்க்கும்போதெல்லாம் மனசு கனக்கும்.

முதலில் தூரத்திலிருந்து, கோபுரமோ மரமோ பின்னால் தெரிகிற மாதிரி படம் எடுங்கள். பிறகு நான்கு பக்கமும், தலையும். டேப்பைப் பக்கத்தில் வைத்து ஒரு படம். உயரம், அகலம், கனம், உருவம் எந்தத் திசையைப் பார்க்கிறது, அருகிலுள்ள மதகிலிருந்து எத்தனை மீட்டர், எந்த ஊரின் எந்தச் சர்வே எண் மூலை, கைப்பேசி காட்டிய அட்சரேகை தீர்க்கரேகை, தேதி, கூட இருந்தவர்கள். வயலின் பெயரை மறக்காமல் எழுதுங்கள். சொன்னவர் வார்த்தையை அவர் சொன்னபடியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். எழுத்து இருந்தால் நீங்களே படித்து முடிவு சொல்ல வேண்டாம். கல்லின் மேல் தாளை ஒட்டி மை தடவி மைப்படி எடுப்பதும் பழகியவர்கள் செய்ய வேண்டிய வேலை. சாய்வெளிச்சத்தில் எடுத்த நல்ல படம் இருந்தால் கல்வெட்டு தெரிந்தவர்கள் பலவற்றைப் படித்துவிடுவார்கள்.

அப்புறம் தகவல் சொல்வது. சர்வே கல்லாக இருந்தால் இரண்டு ஊர் வி.ஏ.ஓ.வுக்கும் எழுத்தில் கொடுங்கள். 1923ஆம் ஆண்டு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டப்படி அந்தக் கல்லைப் பெயர்ப்பதும் சேதப்படுத்துவதும் தண்டனைக்குரியது. கோடு தப்பாக இருக்கிறது, சரியாக நடுங்கள் என்று யாராவது உங்களைத் தூண்டினால் ஒதுங்கிவிடுங்கள். அதற்குச் சர்வேயர் இருக்கிறார், முறையாக மனுப் போட்டு அளக்கலாம். சூலக்கல், திருவாழிக்கல், எழுத்துள்ள கல் என்றால் மாநிலத் தொல்லியல் துறைக்கும் அருகிலுள்ள அரசு அருங்காட்சியகத்துக்கும் படத்தோடு கடிதம் அனுப்புங்கள். நூறு வருஷம் கடந்த செதுக்கிய கல் சட்டப்படி தொல்பொருள், அதை எடுத்து விற்பது குற்றம். அதனால் துல்லியமான இடத்தைச் சமூக வலைத்தளத்தில் போடாதீர்கள். ஊர்ப் பெயரைச் சொல்லலாம், புள்ளியைச் சொல்ல வேண்டாம்.

துறைக்கு எழுதுவதைவிடப் பலன் தருவது ஒன்று உண்டு. வயல்காரரிடமும் பொக்லைன் ஓட்டுகிறவரிடமும் நேரில் காட்டுவது. தூர்வாரும்போது ஒரே தள்ளில் போகக்கூடியவை இந்தக் கற்கள். வாய்க்கால் முனையில் நான் ஒரு வருஷம் படம் எடுத்து வைத்த சர்வே கல் அடுத்த கோடையில் கரையோடு கரையாகப் போய்விட்டது. வேலை செய்தவருக்கு அங்கே கல் இருப்பது தெரியாது, நானும் சொல்லி வைக்கவில்லை. இப்போதெல்லாம் தூர்வாரும் வாரத்தில் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வாய்க்கால் கரையில் போய் நிற்கிறேன்.

கல்லே கிடைக்காமலும் போகும். அப்போது அந்த இடத்தின் அளவுகளையும் கேட்ட வார்த்தைகளையும் வைத்து, "கல் இருந்ததாகச் சொல்லப்படும் இடம்" என்று பதிவு எழுதுங்கள். அந்தத் தாளை மூன்று நகல் எடுத்து, இந்த ஊர் நூலகத்தில் ஒன்று, அந்த ஊர் நூலகத்தில் ஒன்று, உங்கள் நோட்டில் ஒன்று என்று வையுங்கள். அடுத்த கோடையில் வரப்பு சரிந்து அந்தக் கல் தலைகாட்டினால், பார்க்கிறவர் எடுத்துப் புரட்ட ஒரு தாள் இருக்கும்.